கத்திரி வெத யாரு கையில இருக்குது? மரபணு மாற்றுப் பயிர் பத்தி நம்ம பக்கத்து ஆளுக என்ன நினைக்கறீங்க?

சேவூர்க்காரன்

எல்லாத்துக்கும் வணக்கமுங்க. ஒரு மாசமா மனசுல கெடக்கற விசயம், கொஞ்சம் நீளமாப் போயிரும், பொறுத்துக்குங்க.

நமக்கு அவிநாசி தாண்டி சேவூர் பக்கம் மூணு ஏக்கர் தோட்டம், கெணத்துப் பாசனம். போன வாரம் கத்திரி நாத்து விடலாம்னு உரக்கடைக்குப் போயி வரிக்கத்திரி வெத இருக்குதுங்களான்னு கேட்டேன். கடைக்காரர் ஒரு தட்டு நெறய பாக்கெட்ட எடுத்து வெச்சாரு, அத்தனையும் ஹைபிரிட், பத்து கிராம் பாக்கெட், மேல வழுவழுன்னு காய் படம், உள்ள மருந்து பூசி ரோஸ் கலர்ல வெத. நாட்டு ரகமெல்லாம் இப்ப யாருங்க கேக்கறாங்கன்னுட்டாரு. வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னா, "என்ற மாமியா காலத்துல கத்திரி வெதைய காசு குடுத்து வாங்குனா ஊரே ஒரு மாதிரி பாக்கும்டா"ன்னாங்க. நல்லா காய்ச்ச செடியாப் பாத்து அடையாளத்துக்கு துணி கட்டி, அதுல நாலு காய பறிக்காம விட்டுருவாங்களாம். முத்தி மஞ்சளானப்பறம் அறுத்து, தண்ணியில பெசஞ்சு, மெதக்கறத தள்ளிட்டு அடியில தங்கற வெதைய மட்டும் எடுத்து, அடுப்புச் சாம்பல்ல பெரட்டி நெழல்ல காயப்போட்டு வெக்கறது. பூசணி வெதையின்னா சாணியோட சேத்து செவுத்துல அடிச்சு வெச்சிருவாங்க. எங்க வீட்டு வெத எந்த வருசம் கைய விட்டுப் போச்சுன்னு அம்மாளுக்கே நெனப்பு இல்லீங்க. யாரும் வந்து புடுங்கல, நாங்களாத்தான் விட்டுட்டோம். அதுதான் எனக்கு ரொம்ப உறுத்துது.

பிடி கத்திரி, அதாவது பாக்டீரியா ஜீன் ஒன்ன உள்ள வெச்சு, தின்ன புழு சாகற மாதிரி பண்ணுன கத்திரி, அந்தக் கத எல்லாருக்கும் தெரியும். 2009 அக்டோபர்ல மத்திய அரசோட மதிப்பீட்டுக் குழு சரின்னுட்டாங்க, அப்பறம் ஏழு ஊர்ல மக்கள்கிட்ட கருத்துக் கேட்டு 2010 பிப்ரவரி 9ல அப்ப மத்திய சுற்றுச்சூழல் மந்திரியா இருந்த ஜெய்ராம் ரமேஷ் நிறுத்தி வெச்சாரு. அந்தக் கத்திரியில நம்ம கோவை வேளாண் பல்கலைக்கழகத்து ரகங்களும் இருந்துது. இப்ப மறுபடி வரிசையா வருது. மரபணு மாத்துன கடுகுக்கு 2022 அக்டோபர்ல அனுமதி குடுத்தாங்க, 2024 ஜூலையில உச்ச நீதிமன்றத்துல ரெண்டு நீதிபதியும் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னாங்க. 2025 மே மாசம் ஜீன் எடிட்டிங் பண்ணுன, அதாவது நெல்லோட சொந்த ஜீனையே திருத்துன நெல்லுன்னு ரெண்டு ரகத்த அறிவிச்சாங்க. நாம எதப் பாத்து பயப்படோணும், திங்கற சோத்தையா, இல்ல வெத யாரு கையில இருக்குதுங்கறதையா? அனுபவம் இருக்கறவிக சொல்லுங்க.

பவானி ஆத்தங்கரை

ரெண்டையும்தாங்க. என்ற பொண்ணுக்கு ஆறு வயசு. வயித்துக்குள்ள போனா பூச்சி சாகற காய நான் எப்படிங்க கொழந்தைக்கு ஆக்கிப் போடறது? அதுவும் போக, அந்த வெதையெல்லாம் மலட்டு வெத, ஒருக்கா போட்டா மறுவருசம் மொளைக்காதுன்னு சொல்றாங்க. மண்ணும் மலடாயிரும்னு எங்கூர்ல கூட்டம் போட்டப்ப ஒருத்தர் பேசுனாரு. எனக்கு இது வேண்டவே வேண்டாமுங்க.

வேளாண் மாணவன் கோவை

அக்கா, உங்க பயம் புரியுது, ஆனா ரெண்டு விசயத்த சரி பண்ணிக்கணும், இல்லைன்னா நம்ம வாதமே பலம் இல்லாம போயிரும்.

மலட்டு வெதங்கற டெர்மினேட்டர் தொழில்நுட்பம் காப்புரிமை வாங்குனதோட சரி, எந்த நாட்டுலயும் விவசாயிகிட்ட விக்க வரவே இல்ல. பிடி பருத்தி வெத மொளைக்கும். ஆனா அது ஹைபிரிட், அதனால அதுல எடுத்த வெதையப் போட்டா செடி ஒன்னு நெட்டையா ஒன்னு குட்டையா, காய்ப்பு ஒன்னுக்கொன்னு சம்பந்தம் இல்லாம வரும், அதனாலதான் வருசா வருசம் கடைக்குப் போறோம். இது சாதா ஹைபிரிட் தக்காளிக்கும் இதேதான்.

அடுத்து, பிடி புரதம் புழுவோட குடல்ல வேல செய்யறதுக்குக் காரணம் அந்தக் குடல்ல காரத்தன்மை ஜாஸ்தி, அந்தப் புரதம் போய் ஒட்டறதுக்குன்னு அதுல தனி ஏற்பியும் இருக்கு. மனுசனுக்கு இரைப்பையில அமிலம், அந்த ஏற்பியும் கெடையாது. புழுவக் கொல்லுது, அப்ப நம்மளையும் கொல்லும்ங்கறது நேரா வர்ற முடிவு இல்ல. அதுக்காக நீண்ட காலச் சோதனையே வேண்டாம்னு நான் சொல்லல, சோதனைய கம்பெனியே பண்ணி கம்பெனியே அறிக்கை குடுக்கறது தப்புன்னுதான் நானும் சொல்வேன்.

இன்னொன்னு, நாம ஏற்கெனவே சாப்புட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். நாட்டுல வெளையற பருத்தியில முக்கால்வாசிக்கு மேல பிடி. அந்தக் கொட்டையில ஆட்டுற எண்ணெய் சமையலுக்குப் போகுது, புண்ணாக்கு மாட்டுக்குப் போகுது. 2021ல சோயா வெல ஏறுனப்ப 12 லட்சம் டன் மரபணு மாற்று சோயாப் புண்ணாக்க கோழித்தீவனத்துக்குன்னு எறக்குமதி பண்ண மத்திய அரசு விட்டுச்சு. பேக்கெட்ல எழுதி ஒட்டறதுக்கு ஒழுங்கா ஒரு நடைமுறை இருந்தா திங்கறவங்க அவங்களே முடிவு பண்ணிக்கலாம்.

பிடி கத்திரியில நம்ம பல்கலைக்கழகம் பண்ணுனது கோ 2, பிஎல்ஆர் 1 மாதிரி ரகங்கள்ல, ஹைபிரிட்ல இல்ல. விவசாயி வெத எடுத்து வெச்சுக்கலாம். வங்கதேசத்துல 2014ல இருந்து போடறாங்க, மருந்து அடிக்கறது கொறஞ்சிருக்கு. நம்ம பக்கம் காய்த்துளைப்பானுக்கு வாரம் ரெண்டு தடவ அடிச்ச கத்திரி உழவர் சந்தைக்கு வருது, அதையும் கொழந்தைங்கதான சாப்புடுது.

கோழிப்பண்ணை பல்லடம்

நான் வெவசாயத்த விட்டு கோழிக்கு வந்தவன், பதினோரு வருசம் ஆச்சு. தம்பி நல்லா வெளக்குனாப்ல. ஆனா சேவூர்க்காரர் கேட்ட ரெண்டாவது கேள்விக்கு, வெத யாரு கையிலங்கறதுக்கு, பதில் வேணும்னா எங்க செட்டுக்கு வந்து பாத்தா போதுமுங்க.

எங்கூர்ப் பக்கம் பண்ற பிராய்லர் ஒப்பந்தம் எப்படின்னா, குஞ்சு கம்பெனியோடது, தீவனம் கம்பெனியோடது, மருந்து கம்பெனியோடது, புடிச்சுட்டுப் போற வண்டியும் அவங்களோடது. என்றது என்னன்னா எடம், செட்டு, அதுக்கு பேங்க்ல வாங்குன கடன், கரண்டு, தண்ணி, தேங்கா மஞ்சி, நானும் என்ற சம்சாரமும் முழிக்கற முழிப்பு. நாப்பது நாள் சொச்சம் வளத்துக் குடுத்தா கிலோவுக்கு இத்தன ரூபான்னு வளர்ப்புக்கூலி. கோழி ஒன்னு கூட என்றது கெடையாது. விருந்தாளி வந்தாலும் என்ற செட்டுல இருந்து ஒரு கோழிய அடிக்க முடியாது, கடைக்குப் போயி வாங்கியாரணும்.

ஒருக்கா ஒரு பேட்ச் குஞ்சு வந்தது, எறக்கற அன்னைக்கே பொட்டியில பாதி சோந்து கெடந்துது, கால நீட்டிட்டு. மொத வாரத்துலயே முன்னூத்திச் சொச்சம் போச்சு. சூப்பர்வைசருக்கு போன் பண்ணுனா உங்க செட்டுல சூடு பத்தலைன்னு சொல்லிட்டாரு. நான் அன்னைக்கு ராத்திரி பூராம் கரித் தொட்டிக்குப் பக்கத்துல உக்காந்திருந்தவன். கணக்கு முடிக்கறப்ப செத்ததும், தீவனம் ஜாஸ்தியாப் போனதும் எல்லாம் என்ற தலையில ஏறி, கையில வந்தது கரண்டு பில்லுக்குக் கூடப் பத்தல. அந்தத் தாள்ல இருக்கற கணக்க யாரு போட்டது, எப்படிப் போட்டதுன்னு கேக்க எனக்கு வழி இல்ல.

இந்தக் கோழி மரபணு மாத்துனது இல்லீங்க, அதச் சொல்லிப்போடறேன், அப்படின்னு ஒரு வதந்தி சுத்துது, தப்பு. ஆனா இதோட மூலத்தாய்க் கோழி உலகம் பூராம் பாத்தா ரெண்டு மூணு கம்பெனி கையிலதான் பெருசா இருக்குது. என்ற செட்டுக் கோழிய முட்டை போட விட்டு அடை வெச்சாலும் அதே கோழி வராது. ஜீன மாத்தாமயே ஒரு பண்டத்த வெவசாயி கையில இருந்து முழுசா எடுக்க முடியும்னு நான் கண்ணால பாத்துட்டு இருக்கேன். வெத, உரம், மருந்து, கொள்முதல் நாலும் ஒரே கையிக்குப் போனா அப்ப கத்திரிக்காய்க்கும் வளர்ப்புக்கூலிதான் வரும்.

பவானி ஆத்தங்கரை

அண்ணா இது எனக்குத் தெரியாதுங்க. நான் வெறும் நோய் பத்தி மட்டும்தான் யோசிச்சிட்டு இருந்தேன்.

கரிசக்காடு உடுமலை

எனக்கு 67 வயசு. பருத்தி பத்தி நான் சொல்றேன் கண்ணு, ஏன்னா பிடிய ஆரம்பத்துல போட்ட ஆளுகள்ல நானும் ஒருத்தன்.

என்ற அப்பாரு காலத்துல மானாவாரியில உப்பம் பருத்தி, கருங்கண்ணி. நூலு கட்டையா இருக்கும், ஆனா மழ பொய்ச்சாலும் ஒரு ரெண்டு எடுப்பாவது வந்துரும். அப்பறம் கம்போடியா வழியில வந்த எம்சியூ 5, அது கோயமுத்தூர் ஆராய்ச்சி நிலையத்துச் சரக்கு. 1974ல சுவின் குடுத்தாங்க, அதுவும் கோயமுத்தூர்தான், நீள இழையில அதுக்கு ஈடு இன்னிக்கும் நாட்டுல கெடையாது. கவனிக்கோணும், இதெல்லாம் சர்க்கார் குடுத்த ரகம், வெதைய நாங்க ஜின்னிங்ல கேட்டு வாங்கி வெச்சுக்குவோம், பக்கத்துக் காட்டுக்காரனுக்குக் குடுப்போம், ராயல்டின்னு ஒரு வார்த்தையே நாங்க கேட்டதில்ல.

2002 மார்ச்சுல பிடிக்கு அனுமதி. அப்ப பச்சக் காய்ப்புழு எங்கள கொன்னுட்டு இருந்துது, எந்த மருந்துக்கும் சாகாது, பதினஞ்சு தடவ அடிச்சவனெல்லாம் உண்டு. 450 கிராம் பாக்கெட் 1,600 ரூபா சொன்னாங்க. வாங்குனோம். பொய் சொல்லக்கூடாது, மொத நாலஞ்சு வருசம் நல்லா இருந்துது. மருந்துச் செலவு கொறஞ்சுது, காய் சுத்தமா இருந்துது. நாட்டுக் கணக்குலயும் 2002ல எக்டேருக்கு 300 கிலோ பக்கம் இருந்த பஞ்சு 2007-08ல 550 தாண்டுச்சு. அதுல பிடி மட்டும் இல்ல, சொட்டுநீர், புது ஹைபிரிட், உரம், மழ எல்லாந்தான். இப்ப திரும்ப 450 பக்கம் வந்து நிக்குது.

ஏன் எறங்குச்சு? செவப்புக் காய்ப்புழு. குஜராத்துல மொதத் தலமொற பிடி இந்தப் புழுகிட்ட வேலைக்கு ஆகலைன்னு 2010ல அந்த ஜீனக் குடுத்த மான்சாண்டோங்கற அமெரிக்கக் கம்பெனியே ஒத்துக்கிச்சு. அப்பறம் ரெண்டு ஜீன் வெச்ச ரெண்டாவது ரகமும் நாலஞ்சு வருசத்துல அதே கதி. பூ விரியாம ரோஜா மொட்டாட்டம் சுருண்டு நிக்கும், அதப் பிரிச்சுப் பாத்தா உள்ள புழு உக்காந்திருக்கும். காய் வெளிய நல்லாத்தான் இருக்கும், வெடிக்கறப்பதான் பஞ்சு கறைபுடிச்சு கொட்டை பொத்தலா இருக்கறது தெரியும், அப்பத் தெரிஞ்சு என்ன பண்றது.

அப்ப பாக்கெட்டோட 120 கிராம் சாதா வெதப் பொட்டலம் ஒன்னு வெச்சிருந்தாங்க, சுத்தி அஞ்சு வரிசை அதப் போடோணும், அதுல வளர்ற புழு பிடிய தாங்கற புழுவோட கலந்தா எதிர்ப்புச் சக்தி சீக்கிரம் வராதுங்கறது கணக்கு. எங்கூர்ல முக்காவாசிப் பேரு அந்தப் பொட்டலத்த வரப்புல போட்டுட்டு வந்துட்டோம். யாருமே வந்து எதுக்குன்னு நின்னு சொல்லல, நாங்களும் கேக்கல.

இன்னொன்னு தம்பிகிட்ட கேக்கறேன். மத்த தேசத்துல பிடி பருத்திய ரகமாக் குடுத்தாங்க, நம்ம நாட்டுல மட்டும் ஏன் ஹைபிரிட்லயே குடுத்தாங்க? ரகமாக் குடுத்தா வெவசாயி வெதைய வெச்சுக்குவான், அதுதான காரணம்? ஹைபிரிட் பருத்தி ஆறு மாசம் ஏழு மாசம்னு காட்டுல நிக்கும், நின்னா செவப்புப் புழுவுக்கு வருசம் பூராம் சாப்பாடு. நாலஞ்சு மாசத்துல முடியற ரகமா இருந்திருந்தா புழுவுக்கு இவ்வளவு எடம் கெடைச்சிருக்காது.

வேளாண் மாணவன் கோவை

ஐயா, நீங்க கேட்டது ரொம்பச் சரியான கேள்விங்க, இதுக்கு என்கிட்ட மறுப்பு இல்ல. பொதுத்துறையில பிக்கானேரி நர்மாங்கற ரகத்துல பிடி வெச்சு, விவசாயி வெத எடுத்து வெச்சுக்கற மாதிரி குடுக்கப் பாத்தாங்க. 2009ல அத நிறுத்திட்டாங்க, ஏன்னா அதுல மான்சாண்டோவோட ஜீன்தான் இருந்துதுன்னு வெளிய வந்துது. அந்த வழி அப்படியே அடைபட்டுப் போச்சு.

ராயல்டி பத்தியும் சொல்லிடறேன். 2006ல 450 கிராம் பாக்கெட்ல 1,250 ரூபா ஜீனுக்கு மட்டும் போச்சு. ஆந்திர அரசு வழக்குப் போட்டப்பறம்தான் பாக்கெட் வெலையே 750க்கு எறங்குச்சு. 2016ல மத்திய அரசு வெலக் கட்டுப்பாடு கொண்டு வந்து ராயல்டிய 49 ரூபாயாக்குச்சு. அரசாங்கம் நெனச்சா முடியும், அதுக்கு இது சாட்சி.

மக்காச்சோளம் தாராபுரம்

எல்லாரும் பேசறது நல்லாத்தான் இருக்குது, ஆனா காட்டுக்குள்ள எறங்கிப் பாருங்க. களை வெட்ட ஆள் கெடைக்கல. கெடைச்சாலும் பத்து மணிக்கு வந்து ரெண்டு மணிக்குக் கெளம்பறாங்க, கூலி குடுத்து மாளல. 2018ல படைப்புழு வந்தப்ப நாலு ஏக்கர் மக்காச்சோளம் குருத்த அறுத்துப் போட்டுச்சு, தட்டு மாட்டுக்குக் கூட ஆகல. புழுவும் தாங்கி களைமருந்தும் தாங்கற வெத நாளைக்கு வந்தா நான் போடுவேன். யாரு கம்பெனின்னு பாத்துட்டு உக்காந்திருக்க எனக்கு வழி இல்லீங்க. தப்பாச் சொல்லியிருந்தா மன்னிச்சுக்குங்க.

கொறங்காடு வெள்ளகோயில்

தப்பா ஒன்னும் சொல்லல தம்பி, ஆள் கஷ்டம் எங்களுக்கும் அதேதான். ஆனா ஒரு பொம்பளையா நான் ஒன்னு சொல்றேன், கேளுங்க.

சோளக்காட்டுல மழ பேஞ்ச பத்தாம் நாளு நான் போனா மடி நெறையாம வரமாட்டேன். தொய்யக்கீர, பண்ணக்கீர, குமிட்டி. யாரும் வெதைக்கறதில்ல. எங்க அமுச்சி இருக்கறப்ப கீர பறிக்கறதுக்குன்னே பொழுது வெளுக்க எழுப்பிக் கூட்டிட்டுப் போவாங்க, எந்தக் கொழுந்த கிள்ளணும் எதத் தொடக்கூடாதுன்னு கையப் புடிச்சு காட்டுவாங்க. இந்த மூணும் உங்க களைமருந்து டப்பாவுல களைன்னுதான் போட்டிருக்குது. களைமருந்து தாங்கற வெத வந்துட்டா காடு பூராம் மேல அடிக்கலாம், மக்காச்சோளம் மட்டும் நிக்கும். தட்டப்பயறு ஊடுபயிரு போட முடியாது, நரிப்பயறு போட முடியாது, அதுகளும் கருகிரும். மாட்டுக்கு வரப்புப் புல்லும் இருக்காது. 2022ல கிளைபோசேட்டுங்கற களைமருந்த பூச்சிக்கட்டுப்பாட்டு ஆளுக மட்டும்தான் அடிக்கோணும்னு மத்திய அரசே கட்டுப்பாடு போட்டுச்சு, அதுக்கு ஒரு காரணம் இல்லாமயா இருக்கும்?

கடுகுலயும் இதே பிரச்சனதான். வட நாட்டுல போடற பயிருதான் அது, நம்மகிட்ட கெடையாதுன்னு விட்டுட முடியாது. அதுல வெச்சிருக்கற ஜீன்ல ஒன்னு களைமருந்து தாங்கற ஜீன். இன்னிக்கு கடுகுல ஒத்துக்கிட்டா நாளைக்கு சோளத்துல வேண்டாம்னு எந்த மொகத்த வெச்சுச் சொல்றது?

மக்காச்சோளம் தாராபுரம்

அக்கா, கீரைய நான் நெனச்சே பாக்கல. எங்கம்மாவும் பறிப்பாங்க. இப்ப எங்க காட்டுல தொய்யக்கீரையப் பாத்தே ரொம்ப நாளாச்சு.

கோழிப்பண்ணை பல்லடம்

சட்டம் பத்தி ஒன்னு எல்லாரும் தெரிஞ்சு வெச்சுக்கோணும். 2001ல வந்த பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டத்துல 39வது பிரிவு இருக்குது. வெவசாயி தான் வெளைய வெச்ச வெதைய எடுத்து வெக்கலாம், மறுபடி வெதைக்கலாம், மாத்திக்கலாம், விக்கவும் செய்யலாம், பிராண்டு பேர் போட்டு மட்டும் விக்கக் கூடாது. 2019ல குஜராத்துல உருளைக்கெழங்கு வெவசாயிக மேல பெப்சி கம்பெனி ஆளுக்கு ஒரு கோடிக்கு மேல கேட்டு வழக்குப் போட்டுச்சு, தன்னோட ரகத்த போட்டுட்டாங்கன்னு. நாடு பூராம் சத்தம் வந்தப்பறம் மே மாசம் வாபஸ் வாங்குச்சு. இந்தச் சட்டம் இல்லைன்னா அந்தச் சனம் என்னாயிருக்கும்? வெதச் சட்டத்த மாத்தறோம்னு எப்ப வந்தாலும் இந்தப் பிரிவு இருக்குதா, ஒடைஞ்சிருக்குதான்னு மொதல்ல பாருங்க.

வேளாண் மாணவன் கோவை

ஜீன் எடிட்டிங் நெல்லு பத்தி யாரும் பேசல, அதுதான் இப்ப கண்ணு வெக்க வேண்டியது. 2022 மார்ச்சுல ஒரு உத்தரவு போட்டாங்க, வெளி உயிரோட ஜீன் எதுவும் உள்ள வெக்காம எடிட் மட்டும் பண்ணுனா பழைய மதிப்பீட்டுக் குழுகிட்ட போக வேண்டியதில்லைன்னு. எனக்கு அந்தத் தொழில்நுட்பத்து மேல நம்பிக்கை இருக்கு, உப்பு நெலத்துல வெளையற நெல்லு வந்தா கடற்கரைப் பக்கம் எத்தன குடும்பம் பொழைக்கும். ஆனா அந்த எடிட்டிங் கருவிக்கான காப்புரிமை வெளிநாட்டுக்காரங்ககிட்ட இருக்கு. பருத்தியில ஐயா சொன்ன அதே கதை நெல்லுல வரக்கூடாதுன்னா, வெத ரகமாத்தான் வரணும், பொதுத்துறை பேர்ல வரணும், சோதனை அறிக்கைய முழுசா வெளியிடணும். இந்த மூணையும் எங்க பேராசிரியர்கள்கிட்டயே கேப்பேன், இங்க எழுதறதோட விடமாட்டேன்.

கரிசக்காடு உடுமலை

கேளு கண்ணு. 2006ல ஆலாந்துறைப் பக்கம் பிடி நெல்லு சோதன வயல வெவசாயிக புடுங்கிப் போட்டப்ப பெரிய சத்தமாச்சு. எனக்கு அப்பத் தோணுனது, பக்கத்து வயக்காரனுக்கே தெரியாம அவன் பக்கத்துல எதுக்கு சோதன வெச்சாங்கங்கறதுதான். மொதல்லயே ஊரக் கூட்டி இன்னதுன்னு சொல்லியிருந்தா பாதிப் பேரு உக்காந்து கேட்டிருப்போம்.

சேவூர்க்காரன்

இத்தன பேரு எழுதுவீங்கன்னு நெனக்கலீங்க. கோழிப்பண்ணை அண்ணன் எழுதுனத அம்மாளுக்குப் படிச்சுக் காட்டுனேன், ரொம்ப நேரம் ஒன்னும் பேசல. அப்பறம் "கத்திரி வெத யாருகிட்டயாவது இருக்கும், கேளு"ன்னாங்க. அதனால கேக்கறேன். வரிக்கத்திரி நாட்டு வெத யாராவது வெச்சிருக்கறீங்களா? பத்துப் பதினஞ்சு வெத இருந்தாப் போதும், நான் பெருக்கிக்குவேன்.

கொறங்காடு வெள்ளகோயில்

என்கிட்ட இருக்குது தம்பி. வெதைக்குன்னு ரெண்டு செடி விட்டிருக்கேன், காயி இன்னும் பாதி ஊதாவாத்தான் இருக்குது, முழுசா மஞ்சளாக இன்னும் மூணு வாரம் ஆகும். அவசரப்பட்டு அறுத்தா வெத பதரா போயிரும். பக்கத்துல வேற கத்திரி எதுவும் வெக்கல, தேனீ, வண்டு வந்து கலந்துருமேன்னு. உங்க தோட்டத்துலயும் ஹைபிரிட்டுக்குத் தள்ளியே வெய்யுங்க.

சேவூர்க்காரன்

ரொம்ப நன்றிங்க அக்கா. மூணு வாரம் கழிச்சு ஞாயித்துக்கெழம வர்றனுங்க, அம்மாளும் வர்றாங்களாம். எங்க வீட்டு ரகத்துல காம்புல முள்ளு இருக்கும், உங்களுதுல இருக்குதான்னு கேக்கச் சொல்றாங்க.

கொறங்காடு வெள்ளகோயில்

இருக்குதுங்க. இலையில நடு நரம்பு மேலயும் இருக்குது. பறிக்கறப்ப கையக் குத்தும், அம்மாவ பழந்துணி ஒன்னு எடுத்துட்டு வரச் சொல்லுங்க.